வெறும் படகுகளுக்குத் தடை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இவர் என் முன்முடியை வெட்டிவிட்டார். நான் கேட்டது ஒரு விரற்கடை, போனது இரண்டு. "சலூன்காரனைக் கட்டிக்கிட்டா முடிவெட்டு இலவசம். ஆனா புகார் வாங்குறதில்லை" என்று சீப்பைத் தட்டிக்கொண்டே சிரித்தார். கண்ணாடியில் பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கிறேன். அலுவலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எங்கள் கைப்பேசி ஆட்டத்தில் படகு மாற்றம் தயார். வியாழக்கிழமை வெளியே போகிறது. ஒரு விதியை நாலு வரியில் சொல்ல முடியாவிட்டால் அது விதியே இல்லை என்பது என் கட்சி. அறிவிப்பு எழுதுவதற்கு முன்னால் இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

இருகரை ஆட்டத்தில் நடுவே ஆறு. கரைக்கு ஒருவராக இரண்டு பேர், ஆளுக்கொரு படை. முறை வந்தால் அரை நிமிடத்துக்குள் நகர்த்த வேண்டும், தாண்டினால் தோல்வி. படகு ஆற்றில் போகிற நேரம் மட்டும் கடிகாரம் நிற்கும். ஆள் ஏறாத வெறும் படகை அனுப்பினால் அது ஒரு நகர்வாகவும் கணக்கில் வராது. இதைப் பிடித்துக்கொண்டு சிலர் வெறும் படகை அக்கரைக்கும் இக்கரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வந்தவர்களோ, நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துப் பாதி ஆட்டத்திலேயே போய்விடுகிறார்கள், திரும்பி வருவதில்லை. "எதிராளியை வெறுப்பேற்றும் இந்தப் பழக்கம் இனி இல்லை. ஆள் ஏறாமல் படகு கிளம்பாது."

நாலு வரி எங்கே, பத்துக்கு மேல் போய்விட்டது. ஆனால் கடைசி இரண்டு வாக்கியமும் கச்சிதம். எனக்கே பிடித்திருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

வெளியே போய்விட்டது. பொத்தானை அழுத்தியது தாடி. எங்கள் நிரலாளர். எப்போதோ ஒரு மாதம் தாடி வைத்திருந்தார், தாடி போய்விட்டது, பெயர் போகவில்லை. "இனிமே ஆறு அமைதியா இருக்கும் பாருங்க" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

அமைதியாவது மண்ணாவது! கழுவிக் கழுவி ஊற்றுகிறார்கள்.

தபால்காரி காலையிலேயே என் மேசைக்கு வந்து நின்றாள். ஆட்டக்காரர்கள் எழுதுவதை எல்லாம் படித்து எங்களிடம் கொண்டு சேர்ப்பது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர்.

"மேடம், நல்லதுல ஆரம்பிக்கவா, கெட்டதுல ஆரம்பிக்கவா?"

"நல்லது எத்தனை இருக்கு?"

"ஒண்ணு. அதுவும் போன வாரம் வந்தது."

ஆட்டத்தில் என் பெயர் துலாக்கோல். மாற்ற அறிவிப்புகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் போகும். இன்று துலாக்கோலுக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே எழுதப் போவதில்லை. கிழநண்டு என்று ஒருவர், ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், அவர் சொல்வதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஒரே வரி. "படகைக் கட்டிப்போட்டவர் எங்களோடு ஒரு ஆட்டமாவது ஆடியிருக்கிறாரா?"

ஆடியிருக்கிறாராவா? மூன்று வருடமாக நாள் தவறாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன் ஐயா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

சாயங்காலம் இவரிடம் புலம்பினேன். கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார், "வெட்டின அன்னிக்கு எல்லாரும் ஐயோன்னுதான் சொல்லுவாங்க. ஒரு வாரம் போகட்டும், தானா தலையைக் கோதி அழகு பார்ப்பாங்க." என் முன்முடியைப் பார்த்தார். "நீ இன்னும் பார்க்கலை. அது வேற விஷயம்."

சிரித்துவிட்டேன். ஒரு வாரம்தானே.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு என்றால் தம்பியோடு ஓர் ஆட்டம். அவன் வேறு ஊரில் இருக்கிறான். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுகிற வேலை. மனைவி செவிலியர், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அவளுக்குப் பணி. ஆகவே அவன் இடுப்பில் குழந்தை, கையில் கைப்பேசி, காதில் நான்.

இன்று ஆள் சரியில்லை. வழக்கமாக என் அரணைப் பார்த்து "இது கோட்டையா, கோழிக்கூடா?" என்று ஆரம்பிப்பான். இன்று ம், ம் என்று மட்டும்.

"என்னடா, ஊரே என்னைத் திட்டுது, நீ ஒண்ணும் சொல்லலியே?"

"நான் என்னக்கா சொல்றது. நீ யோசிக்காமலா செஞ்சிருப்பே."

சாதாரணப் பதில்தான். ஆனாலும் அதில் ஏதோ இடிக்கிறது. தூக்கம் போதவில்லையாக இருக்கும். கைக்குழந்தைக்காரன்.

மார்ச் 9, திங்கள்

ஆற்றில் வேலைநிறுத்தம்!

யாரும் யாரையும் அடிப்பதில்லை. எல்லாப் படகிலும் ஒரே ஒரு சிப்பாயை ஏற்றுகிறார்கள், நடு ஆற்றுக்குக் கொண்டுவந்து எதிராளியின் படகோடு ஒட்டி நிறுத்துகிறார்கள். இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு! கடைசியில் ஆட்டம் சமன். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இப்படி. மேலிருந்து பார்த்தால் ஆறே தெரியவில்லை, ஒரே படகு. கோபத்தை மறந்து கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன். நாங்கள் செய்த ஆட்டத்தை வைத்தே எங்களை எதிர்க்கிறார்கள். இவ்வளவு அக்கறையாக எதிர்ப்பவர்கள் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்று தாடியிடம் சொன்னேன்.

"போகமாட்டாங்க. உட்கார்ந்தே உயிரை எடுப்பாங்க" என்றார் தாடி.

மார்ச் 10, செவ்வாய்

மழை. புதுக் குடை. ஒரு சொட்டு நனையவில்லை. இன்றைக்கு இது போதும்.

மார்ச் 13, வெள்ளி

மேலாளர் கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் "சராசரி எவ்வளவு?" என்று கேட்பவர், அதனால் எங்களுக்குள் அவர் பெயர் சராசரி. நல்ல மனிதர்தான். ஆனால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

"உங்க விதி தப்புன்னு நான் சொல்லலை. சரின்னும் சொல்லலை. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். ஆட்கள் திரும்பி ஒழுங்கா ஆடலைன்னா விதியை எடுத்துடலாம். அப்புறம் இனிமே எந்த மாற்றமா இருந்தாலும் ஆட்டக்காரங்க வாக்கெடுப்புல விட்டுடலாம். நமக்கும் தலைவலி மிச்சம்."

நமக்காம். அப்புறம் என் வேலை என்ன? கை தூக்கியவர்களை எண்ணுவதா? எது பலம், எது பலவீனம், எங்கே ஒரு சிட்டிகை கூட்டுவது, எங்கே குறைப்பது என்று யோசிக்கிறதுதானே நான் இத்தனை நாளாக ஆசை ஆசையாகச் செய்கிற வேலை? வாக்கெடுப்பு வைத்தால் எல்லோரும் தங்கள் படைக்குக் கூர்வாளும் எதிராளிக்கு மரக்கத்தியும்தான் கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள், நானாக இருந்தாலும் கேட்பேன்.

சராசரியிடம் இதில் பாதியைச் சொன்னேன். மீதியைப் படிக்கட்டில் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

மார்ச் 14, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

கிழநண்டின் அந்த ஒற்றை வரி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. துலாக்கோல் என்ற பெயரில் உள்ளே போனால் யாரும் ஒழுங்காக ஆடமாட்டார்கள், திட்டத்தான் வருவார்கள். ஆகவே புதிதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு, எல்லோரையும் போலச் சாதாரண ஆட்டக்காரியாகப் போனேன். இவர் கடைக்குப் போய்விட்டார். சோபாவில் கால் நீட்டி, பக்கத்தில் பிஸ்கட். உல்லாசம்.

முதல் ஆட்டம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தது. மேல்வீட்டுக்காரரின் சட்டை கொடியிலிருந்து எங்கள் பால்கனியில் விழுந்துவிட்டதாம். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் — தோல்வி. அரை நிமிடம் தாண்டிவிட்டது.

சட்டையால் தோற்றேன்! ஜெயிக்கிற ஆட்டம்!

சரி, இன்னொன்று. பாதியில் இவர் போன். "அந்தச் சின்ன சீப்பு வீட்டுல இருக்கா பாரு." ஒரு கையில் போன், ஒரு கண் திரையில், நேரம் ஓடுகிறது, பத்து, ஒன்பது. அப்போது என் விரல் தானாகப் போய் வெறும் படகைத் தொட்டது. அது போய் வரட்டும், அதுவரை கடிகாரம் நிற்கும், சீப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று. நான் யோசிக்கவே இல்லை. விரல்தான் யோசித்தது. திரையில் ஒரு வரி வந்தது.

"ஆள் ஏறாமல் படகு கிளம்பாது."

என் வாக்கியம். கச்சிதமான வாக்கியம்.

தோற்றேன்.

யாரையும் வெறுப்பேத்தவா நான் படகைத் தொட்டேன்? எதிர்ல இருக்கிற மனுஷனை நான் நினைச்சுக்கூடப் பார்க்கலையே! எனக்கு ஒரு பத்து நொடி வேணும், அவ்வளவுதான். அப்போ இவ்வளவு பேரும்? அத்தனை படகும்?

இது எப்படி எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனது? படகு போகும்போது கடிகாரம் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் துலாக்கோல் ஆடுகிற ஆட்டத்தில் கடிகாரமே வராது. அலுவலகத்தில் எல்லோருடைய கணக்கும் அப்படித்தான். ஆடும்போது நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், கூட்டம் வரும், டீ வரும், சோதனை கெடும் என்று ஆரம்பத்திலேயே அணைத்து வைத்துவிட்டோம். அப்புறம் மறந்தேவிட்டோம். நேரம் போதாதவர்கள் படகை என்ன செய்கிறார்கள் என்று, நேரக் கணக்கே இல்லாத நான் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

சீப்பு கிடைத்தது. என் கைப்பையிலேயே இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி செய்தி அனுப்பினான், "இன்னிக்கு ஆட்டம் வேண்டாம்க்கா." நானே கூப்பிட்டேன். சட்டைக் கதை, சீப்புக் கதை எல்லாம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். குழந்தையின் சிணுங்கல்தான் கேட்டது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன். அக்கா... நானும் விட்டிருக்கேன், வெறும் படகு. தினமும். மத்தவங்களோட ஆடும்போது. பாப்பா அழுதா படகை அனுப்பிட்டு ஓடுவேன். பால் குடுக்கணும், துணி மாத்தணும். படகு போய்ச் சேர்ந்தும் வேலை முடியலைன்னா திருப்பி அனுப்புவேன். இப்போ பத்து நாளா ஆடுறதே இல்லை. உன்கூட மட்டும்தான். உன் ஆட்டத்துலதான் கடிகாரம் இல்லையே."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? எதிராளியை வெறுப்பேத்துற பழக்கம்னு எழுதியிருந்தே. அந்தப் பழக்கமே நான்தான்னு உன்கிட்ட வந்து சொல்லணுமா?"

நாள் முழுக்க அந்தக் குழந்தையோடு ஒண்டியாக இருக்கிறவன். அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு ஆட்டம். அதையும் நான் பிடுங்கி, போகிற போக்கில் ஒரு கெட்ட பெயரும் வைத்திருக்கிறேன். "தப்பா எழுதிட்டேன்டா" என்றேன். "சரி சரி, அழுது தொலைக்காதே, இங்க ஏற்கெனவே ஒண்ணு அழுதுக்கிட்டிருக்கு" என்றான். அப்போதுதான் பழைய குரல் வந்தது.

ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

காலையில் எல்லோரையும் கேட்டேன், கடிகாரத்தோடு கடைசியாக எப்போது ஆடினீர்கள்? தாடி யோசித்தார். "தாடி இருந்தப்போ" என்றார்.

அத்தனை கணக்கிலும் கடிகாரத்தைப் போடச் சொன்னேன். மத்தியானத்துக்குள் அலுவலகமே தோற்றுவிட்டது. தாடி டீ எடுக்கப் போய்த் தோற்றார். தபால்காரி தும்மித் தோற்றாள், ஒன்றல்ல, வரிசையாகத் தும்முவாள். சராசரி மூக்குக்கண்ணாடியைத் தேடித் தோற்றார். கண்ணாடி தலையில் இருந்தது. "இது அநியாயம்ங்க, நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று என்னிடமே முறையிட்டார். சராசரி எவ்வளவு என்று கேட்கவில்லை.

மார்ச் 18, புதன்

விதியை எடுத்துவிடலாம் என்கிறார் சராசரி. சுலபம்தான். கைதட்டல்கூடக் கிடைக்கும். நான் மாட்டேன் என்றேன்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறேனா? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. புதிதாக வந்தவர்கள் நொந்துபோய்ப் போனது பொய்யில்லை. எதிரில் வெறும் படகு போய்ப் போய் வந்தால், அங்கே குழந்தை அழுகிறது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? படகைத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் மறுபடியும் போவார்கள். நோவு கடிகாரத்தில். நான் கட்டுப் போட்டது படகுக்கு. படகை அவிழ்த்துவிட்டால் மட்டும் கடிகாரம் குணமாகிவிடுமா?

ஆளுக்கொரு நேரப்பை கொடுக்கலாம். ஓர் ஆட்டத்துக்கு இத்தனை நிமிடம் கூடுதல் என்று. வேண்டும்போது அழுத்தினால் முறைக் கடிகாரம் நிற்கும், பை கரையும். எதிரில் இருப்பவருக்கு "கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்" என்று ஒரு வரி போகும். கேலி இல்லை, கேட்டுக்கொள்வது. பை தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி அரை நிமிடக் கணக்கு.

இதைச் சராசரியிடம் சொல்லிவிட்டுத்தான் அலுவலகத்திலிருந்து கிளம்பினேன். "மாசக் கடைசின்னு சொன்னது மாறாது" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

பை எவ்வளவு பெரியது? இன்று முழுக்க இதே சண்டை, இனிமையான சண்டை. பெரிதானால் படகை விட மோசம், சிறிதானால் வைத்தும் பயனில்லை. கதவைத் திறந்து ஆளை அனுப்பிவிட்டு வர எவ்வளவு, அடுப்பை அணைக்க எவ்வளவு என்று தாடி எழுந்து எழுந்து நடந்து காட்டினார். தம்பியைக் கூப்பிட்டு, குழந்தைக்குத் துணி மாற்ற எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "அது பாப்பா என்ன செஞ்சிருக்காங்கிறதைப் பொறுத்தது" என்றான். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். அலுவலகமே கேட்டது.

மார்ச் 26, வியாழன்

நேரப்பை வெளியே போய்விட்டது. அறிவிப்பில் இரண்டு வாக்கியம் சேர்த்தேன். "வெறும் படகு விட்டவர்கள் யாரையும் வெறுப்பேற்றவில்லை, நேரம் போதாமல் விட்டார்கள். அப்படி எழுதியது என் தவறு." நிறுவனம் தவறு என்று சொல்வது வழக்கமில்லை என்றார் சராசரி. நிறுவனம் சொல்லவில்லை, துலாக்கோல் சொல்கிறாள் என்றேன். விட்டுவிட்டார்.

மார்ச் 27, வெள்ளி

தபால்காரி இன்று நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுகிறார்கள், ஆனால் வேறு மாதிரி. பை பெரிது என்று பாதிப் பேர், சிறிது என்று பாதிப் பேர். இந்தத் தொழிலில் இதைவிட நல்ல செய்தி கிடையாது.

கிழநண்டு, "நேரப்பை பரவாயில்லை. பெயர் சகிக்கவில்லை. என்ன இருந்தாலும் படகுக் காலம்தான் பொற்காலம்." பின்குறிப்பாக, என் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வர முடிகிறது என்று எழுதியிருந்தார். கிழம் கிழம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஓர் அப்பா இருக்கிறாரா!

மார்ச் 31, செவ்வாய்

ஆற்றில் நிறுத்தி வைத்த படகுகள் இல்லை. சண்டை போடுகிறார்கள். புதியவர்கள் பாதியில் எழுந்து போவது குறைந்திருக்கிறது. சராசரி எல்லாச் சராசரியையும் பார்த்துவிட்டு, "வாக்கெடுப்பு வேண்டாம். நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடினார். என் வேலை என் மேசையிலேயே இருக்கிறது. போகிற வழியில் புதுச் செருப்பு வாங்கினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பியோடு ஆட்டம். இப்போது நானும் கடிகாரத்தோடு, சாதாரணப் பெயரில். என் அரணைப் பார்த்ததும் "இதுல கோழி முட்டை போடுமாக்கா?" என்று ஆரம்பித்தான். பதினைந்து நகர்வுக்குள் என் பாதிப் படையைக் காலி செய்துவிட்டான். இன்னும் ஒரு அடி, அவன் ஜெயித்திருப்பான்.

அப்போது "கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்" என்று வந்தது. பொறுத்தேன். அவன் பை கரைய ஆரம்பித்தது. துணி மாற்றுகிறானாக்கும். இன்னும் கரைந்தது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பை காலி, அரை நிமிடமும் ஓடி முடிந்தது. "நீங்கள் வென்றீர்கள்" என்று திரை முழுக்க ஒரே கொண்டாட்டம்.

எரிச்சலாக வந்தது. நானே செய்த விதி என் தம்பியை என் கண்ணெதிரே தோற்கடிக்கிறது. நாளைக்கே தாடியிடம் சொல்லி இந்தப் பையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன? ஒரே ஒரு நிமிடம்?

அப்புறம் அவன் செய்தி வந்தது. "பாப்பா பிடிக்காம நின்னுட்டா அக்கா! சோபாவை விட்டுட்டு, தனியா! நான் அப்படியே பார்த்துக்கிட்டே உட்கார்ந்துட்டேன். பொத்துன்னு விழுந்தா, திருப்பி எழுந்து நின்னா!"

"தோத்துட்டே, தெரியுமா?" என்று அனுப்பினேன்.

"யாரு, நானா?" என்று பதில் வந்தது.

பை இருக்கிற அளவே இருக்கட்டும். இவரைக் கூப்பிட்டுச் செய்தியைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். மறு ஆட்டம் கேட்டுப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். அவன் இன்னும் வரவில்லை. வரட்டும், மெதுவாக வரட்டும்.